போட்டோ எடிட்டிங்குக்கு எந்த அளவு கிராபிக்ஸ் டேப்லெட்? வாங்கும் முன் அளந்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் போட்டோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கு வேலை குறைவதே இல்லை. கல்யாண ஆல்பம், பூப்புனித நீராட்டு விழா, தமிழ்ப்பள்ளி வகுப்புப் படம், தைப்பூசக் காவடி. இவை போதாதென்று, யாரோ ஒருவர் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து வரும் பழைய ரப்பர் தோட்டத்துப் படங்கள். இத்தனையையும் மவுஸை வைத்தே செய்துகொண்டிருப்பவர், பேனாவால் கணினியை இயக்கும் பலகையான கிராபிக்ஸ் டேப்லெட்டுக்கு மாறலாம் என்று நினைத்ததும் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: ஸ்மால், மீடியம், லார்ஜ், இதில் எது?

“அண்ணே, பெருசா வாங்கிட்டா நல்லதுதானே?” என்று கேட்கிற தம்பிகள்தான் அதிகம். ஓவியம் வரைகிறவருக்கு அது ஓரளவு சரி. போட்டோ எடிட்டிங் வேறு மாதிரி வேலை. நாம் எந்நேரமும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, சின்னச் சின்ன இடங்களில் தொட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால் மானிட்டர், மேசை, கை வேலை ஆகிய மூன்றும்தான் அளவைத் தீர்மானிக்கின்றன. பணம் அதற்கு அப்புறம்தான்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பில் மட்டும் வேலை செய்தால் ஸ்மால் போதும். 24 அல்லது 27 அங்குல மானிட்டர் இருந்தால் மீடியம். போட்டோவுக்காக மட்டும் லார்ஜ் வாங்க வேண்டியவர்கள் மிகக் குறைவு. உங்கள் நிலைமை இதில் எதற்கும் சரியாகப் பொருந்தாது என்றால், கையில் ஒரு அளவுகோலையும் ஓர் அட்டையையும் எடுத்துக்கொண்டு மேலே படியுங்கள். நம்மூரில் பெரும்பாலும் ஆன்லைனில்தான் வாங்குகிறோம், தொட்டுப் பார்க்க வழியில்லை. அளந்து பார்ப்பது ஒன்றுதான் கைவசம் உள்ள வழி.

முதல் படி: டப்பாவின் அளவை மறந்துவிட்டு, பேனா ஓடும் பரப்பைப் பாருங்கள்

விளம்பரப் படத்தில் டேப்லெட் பெரிதாகத் தெரியும். அதில் பேனா வேலை செய்கிற பகுதி நடுவில் இருக்கும் ஒரு செவ்வகம் மட்டுமே. இதை ‘ஆக்டிவ் ஏரியா’ என்று தொழில்நுட்ப விவரத்தில் போட்டிருப்பார்கள். வாங்கும் முன் தேட வேண்டிய முதல் எண் அதுதான்.

வாகோம் நிறுவனத்தின் இன்டுவோஸ் ஸ்மாலை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி அளவு 200 x 160 மி.மீ. பேனா ஓடும் பரப்பு 152 x 95 மி.மீ. மட்டுமே. அதே வரிசையின் மீடியத்துக்கு வெளி அளவு 264 x 200, பரப்பு 216 x 135. விலை குறைந்த ஒன் பை வாகோம் வரிசையிலும் ஸ்மாலுக்கும் மீடியத்துக்கும் இதே பரப்புகள்தான்.

எண்கள் மனதில் பதியவில்லை என்றால் தாள் அளவை நினைத்துக்கொள்ளுங்கள். ஏ4 தாள் 297 x 210 மி.மீ. அதை இரண்டாக மடித்தால் ஏ5, இன்னொரு முறை மடித்தால் ஏ6. ஸ்மால் ஏறக்குறைய ஏ6, மீடியம் ஏறக்குறைய ஏ5, லார்ஜ் ஏறக்குறைய ஏ4. இந்த ஒன்றை நினைவில் வைத்திருந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

மீதிக் குழப்பத்துக்குக் காரணம், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ‘மீடியம்’ வேறு வேறு என்பதுதான். ஹூயியான் எச்610 புரோ வி2, எக்ஸ்பி-பென் டெகோ 01 வி2 ஆகியவை நடுத்தர அளவு என்று விற்கப்படுகின்றன, ஆனால் அவற்றின் பரப்பு சுமார் 254 x 159 மி.மீ. வாகோமின் மீடியத்தைவிட இது நன்றாகவே பெரிது. ஒரே பெயரிலும் அளவு மாறும். 2017இல் வந்த இன்டுவோஸ் புரோ மீடியத்தின் பரப்பு 224 x 148, 2025இல் வந்த அதே பெயர் மாடலுக்கு 263 x 148. பழைய பொருளை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் பெயரைப் பார்த்து ஏமாறாமல் எந்த ஆண்டு மாடல் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் ஹூயியான் எச்430பி போன்ற குட்டிகளும் உண்டு: 122 x 76 மி.மீ. கையெழுத்துப் போடவும், ஆன்லைன் வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டவும் அது சரி. போட்டோ வேலைக்கு வேண்டாம்.

இரண்டாவது படி: மானிட்டரை அளந்து வகுத்துப் பாருங்கள்

இதுதான் மொத்த விஷயத்தின் மையம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மவுஸைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் திரையில் அம்பு நகராது. பேனா அப்படியில்லை. டேப்லெட்டின் இடது மேல் மூலையில் பேனாவை வைத்தால் அம்பு திரையின் இடது மேல் மூலைக்குப் போய்விடும், வலது கீழ் மூலையில் வைத்தால் அங்கே. டேப்லெட்டின் ஒவ்வொரு புள்ளியும் திரையின் ஒரு புள்ளியோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே சின்னப் பரப்பைப் பெரிய திரையோடு கட்டினால், கை கொஞ்சம் அசைந்தாலும் அம்பு நிறைய ஓடும்.

எவ்வளவு ஓடும் என்று கணக்கிட, மானிட்டரின் திரை அகலத்தை மி.மீ.-இல் அளந்து, டேப்லெட் பரப்பின் அகலத்தால் வகுத்தால் போதும். சட்டத்தைச் சேர்க்காமல் படம் தெரிகிற பகுதியை மட்டும் அளக்க வேண்டும். அகலமும் உயரமும் 16:9 விகிதத்தில் உள்ள திரைகளுக்கு அகலம் தோராயமாக இப்படி வரும்: 14 அங்குலம் 310 மி.மீ., 15.6 அங்குலம் 345, 24 அங்குலம் 531, 27 அங்குலம் 598, 32 அங்குலம் 708.

15.6 அங்குல லேப்டாப்போடு 152 மி.மீ. ஸ்மாலைச் சேர்த்தால் விடை 2.3. அதாவது கை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் அம்பு 2.3 மில்லிமீட்டர் நகரும். அதே ஸ்மாலை 24 அங்குல மானிட்டரோடு சேர்த்தால் 3.5, 27 அங்குலத்தோடு சேர்த்தால் 3.9. 216 மி.மீ. மீடியத்துக்கு 24 அங்குலத்தில் 2.5, 27 அங்குலத்தில் 2.8. 254 மி.மீ. டேப்லெட்டோடு 32 அங்குலம் என்றால் 2.8.

இந்த விகிதத்துக்கு நான் பின்பற்றும் வரம்பு ஒன்றரைக்கும் மூன்றுக்கும் இடையில். மூன்றைத் தாண்டினால் நேர்க்கோடு போடும்போது கை நடுக்கம் திரையில் தெரியத் தொடங்குகிறது. ஒன்றரைக்குக் கீழே போனால் மெனுவைத் தொடவும் கருவியை மாற்றவும் கையை வீசி வீசி எடுக்க வேண்டியிருக்கிறது. 15.6 அங்குல லேப்டாப்புக்கு ஏ4 அளவு டேப்லெட் வாங்கினால் விகிதம் 1.1. ஓவியருக்கு அது பிடிக்கலாம். ஆல்பத்துக்குப் படங்களை வரிசையாக முடித்துத் தர வேண்டியவருக்குத் தோள்பட்டைதான் வலிக்கும்.

“அப்படியானால் ஸ்மாலில் துல்லியம் கிடையாதா?” என்று கேட்கலாம். கிடைக்கும். இன்டுவோஸ் வரிசை ஓர் அங்குலத்தில் 2540 கோடுகளைப் பிரித்தறியும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 100 இடங்கள். 152 மி.மீ. அகலத்தில் 15,200 இடங்கள். உங்கள் திரையில் இருப்பது 1920 பிக்சல், 4கே திரை என்றாலும் 3840தான். கருவிக்குத் துல்லியம் மிச்சம் இருக்கிறது, நம் கைக்குத்தான் இல்லை. 1920 பிக்சல் திரையில் ஸ்மாலில் ஒரு மில்லிமீட்டர் அசைவு 12.6 பிக்சல், மீடியத்தில் 8.9. படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் ஸ்மாலிலும் அது படத்தின் 6.3 பிக்சலாகச் சுருங்கிவிடும். ஆகவே ஸ்மாலின் உண்மையான செலவு துல்லியம் இல்லை, நேரம். அடிக்கடி பெரிதாக்கி, நகர்த்தி, மறுபடி சிறிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம். நூறு சதவீதத்தில் பார்த்தாலே 1920 பிக்சல் திரையில் அதில் மூன்றில் ஒரு பங்கு அகலம்தான் தெரியும். எப்படியும் நகர்த்திக்கொண்டுதான் இருக்கப்போகிறோம், ஸ்மாலில் கொஞ்சம் கூடுதலாக நகர்த்துவோம்.

மூன்றாவது படி: உங்கள் கைக்கு வரும் வேலை எந்த வகை?

ஒரே விகிதம் எல்லா வேலைக்கும் ஒத்துவராது. நம்மூர் ஸ்டூடியோக்களுக்கு வருவதை வைத்தே பார்ப்போம்.

பழைய படங்களைச் சரிசெய்வது முதலில். தாத்தாவின் பால்மரம் வெட்டும் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம், ராமபாணப் பூச்சி அரித்த ஓரம், நடுவில் மடிப்பு விழுந்து வெடித்த கோடு. சில சமயம் கையில் இருப்பது ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம் மட்டுமே, வீட்டில் மாலை போட்டு மாட்டுவதற்குப் பெரிதாக்கிக் கேட்பார்கள். பெரும்பாலும் துக்க வீட்டிலிருந்து நேராக வருகிறவர்கள், மறுநாளே வேண்டும் என்பார்கள். 35 x 50 மி.மீ. படத்தை 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் சுமார் 1650 x 2360 பிக்சல் கிடைக்கும், வேலை செய்யப் போதுமானது. அதற்கு மேல் எல்லாம் பக்கத்து இடத்தை எடுத்துப் பழுதை மூடும் ஹீலிங் பிரஷ், குளோன் ஸ்டாம்ப் கருவிகள்தான். பெரிதாக்கி வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாகத் தொடுகிற வேலை. கை ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் நகர்வதே இல்லை. இந்த வேலைதான் உங்கள் பிழைப்பு என்றால் ஸ்மால் தாராளமாகப் போதும், 24 அங்குல மானிட்டரிலும்கூட.

முகச்சீரமைப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். இங்கே அளவைவிடப் பேனாவின் அழுத்தம்தான் காரியம் செய்கிறது. “கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்கண்ணே” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முகம் முழுவதையும் ஒரே ஸ்லைடரில் வெளுக்கவைத்தால் மணப்பெண் மெழுகுப் பொம்மையாகிவிடுவாள், கழுத்தும் கையும் வேறு நிறத்தில் நிற்கும். அதற்குப் பதில் பிரஷ்ஷிலிருந்து வண்ணம் இறங்கும் ‘ஃப்ளோ’ அளவை மிகக் குறைத்து, 2 அல்லது 3 சதவீதத்தில், மென்மையான பிரஷ்ஷால் கண்ணுக்குக் கீழும் மூக்கோரத்திலும் விழுந்திருக்கும் நிழலை மட்டும் டாட்ஜ் அண்ட் பர்ன் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும்) முறையில் மெல்ல எடுத்தால், கறுத்த தோல் கறுத்த தோலாகவே இருந்து பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் கேட்டவர்களுக்கும் அதுதான் பிடித்துப் போகிறது. அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துத் தடவும் இந்த வேலை மவுஸில் நடக்கவே நடக்காது. ஸ்மாலில் நடக்கும், மீடியத்தில் மணிக்கட்டு இன்னும் தளர்வாக இருக்கும்.

ஸ்மால் திணறும் இடம் மாஸ்க் போடுவது, அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் ஓரம் பிடித்துப் பிரித்தெடுப்பது. மயிலிறகுக் காவடியைப் பின்னணியிலிருந்து பிரிப்பது, பட்டுப்புடவையின் முந்தானை ஓரத்தை ஒரே வீச்சில் சுற்றி வருவது, இரண்டு மாலைகளுக்கு இடையில் தெரியும் தோளை ஒட்டிப் போவது. இவையெல்லாம் நீண்ட, வளைந்த கோடுகள். கோடு நடுவில் நின்று மறுபடி தொடங்கினால் அந்த இடத்தில் ஒரு முடிச்சு தெரியும். இதற்கு மணிக்கட்டு மட்டும் போதாது, முன்கை முழுவதும் நகர வேண்டும், அதற்கு ஏ5 அளவுப் பரப்பாவது வேண்டும். ஆல்பம் வேலை அதிகம் செய்கிறவர்களுக்கு நான் மீடியம் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

வகுப்புப் படத்தில் வெள்ளைச் சட்டைகளின் நிறத்தைச் சரிசெய்வது, வரிசையை நேராக்குவது, வெட்டுவது போன்றவற்றுக்கு எந்த டேப்லெட்டும் வேண்டாம். மவுஸே வேகம்.

நான்காவது படி: மேசையில் இடம் இருக்கிறதா?

மூன்றடி மேசை என்றால் 914 மி.மீ. எண்பட்டை உள்ள முழு அளவுக் கீபோர்டு சுமார் 440 மி.மீ. மீடியத்தின் வெளி அகலம் 264. இரண்டும் போக 210 மி.மீ. மிஞ்சும், மவுஸுக்கும் தேநீர்க் குவளைக்கும் போதும். 2017 மாடல் இன்டுவோஸ் புரோ லார்ஜின் வெளி அகலம் மட்டுமே 430. கீபோர்டோடு சேர்த்து 870. மவுஸை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

எண்பட்டை இல்லாத கீபோர்டு வாங்கினால் ஏறக்குறைய 80 மி.மீ. மிச்சமாகும். லார்ஜ் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அகலத்தைவிட ஆழத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டேப்லெட் நெஞ்சுக்கு நேராக, திரைக்கு நேர்கீழே இருக்க வேண்டும். கண் நேராகத் திரையைப் பார்க்க, கை வலது பக்கம் ஓரமாக வரைந்தால் கோடுகள் எல்லாம் சாயும். நேராக வைத்தால் கீபோர்டு எங்கே போகும்? வலது கைக்காரர் என்றால் இடது பக்கம். இடது கை பிரஷ் அளவையும், பின்வாங்கும் விசையையும், படத்தை நகர்த்தும் ஸ்பேஸ் பாரையும் பார்த்துக்கொள்ளும். டேப்லெட்டுக்குக் கீழே, மேசை விளிம்புக்கு முன்னால், முன்கையைத் தாங்க ஒரு சாண் இடமாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் முழங்கை அந்தரத்தில் தொங்கும், மாலைக்குள் தோள் பிடித்துக்கொள்ளும்.

இடது கைக்காரர்கள் டேப்லெட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, டேப்லெட்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் செட்டிங்கில் இடது கை என்று மாற்றிக்கொண்டால் போதும். அதற்கென்று தனி மாடல் தேட வேண்டாம்.

ஐந்தாவது படி: அட்டையை வெட்டி ஒத்திகை பாருங்கள்

வாங்க நினைக்கும் டேப்லெட்டின் வெளி அளவுக்கு ஓர் அட்டையை வெட்டுங்கள். அதன் மேல் பேனா ஓடும் பரப்பைக் கோடு போட்டுக் காட்டுங்கள். மேசையில் அதன் இடத்தில் வைத்து, இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டிவிடுங்கள். சில நாள் அதை எடுக்காமலே வழக்கமான வேலையைச் செய்யுங்கள். சாப்பிட உட்காரும்போதோ வாடிக்கையாளரின் ஆல்பத்தை விரிக்கும்போதோ அட்டை இடைஞ்சலாக இருக்கிறதா என்று கவனியுங்கள். தினமும் எடுத்து ஓரமாக வைக்க வேண்டிவரும் டேப்லெட் கொஞ்ச நாளில் அலமாரிக்குப் போய்விடும்.

அப்புறம் மூடி போட்ட பேனா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் ஒரு மணமக்கள் படத்தை முழுதாகத் திறந்து வைத்து, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், மணமகளின் உருவத்தைச் சுற்றி அட்டையின் மேல் பேனாவை ஓட்டுங்கள். திரையின் இடது ஓரத்தில் இருப்பது அட்டையின் இடது ஓரம் என்று மனதில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். முதலில் விளையாட்டாக இருக்கும். ஓர் ஆல்பத்துக்குச் செய்வதுபோல் தொடர்ந்து செய்தால் உடம்பே சொல்லிவிடும்: விரலும் மணிக்கட்டும் மட்டும் அசைந்து இறுகுகிறதா, முன்கை தாராளமாக ஓடுகிறதா, தோள் வரை இழுக்கிறதா. இறுகினால் அடுத்த பெரிய அளவு, இழுத்தால் அடுத்த சிறிய அளவு.

இரண்டு அளவுகளுக்கு நடுவில் மனம் ஊசலாடினால், மேசையில் இடம் இருக்கும்பட்சத்தில் பெரியதையே எடுங்கள். மீடியத்தின் ஒரு பகுதியை மட்டும் திரையோடு கட்டும்படி டிரைவரில் மாற்றலாம், அதாவது மீடியத்தை ஸ்மாலாக்க முடியும். ஸ்மாலை மீடியமாக்க வழியே இல்லை.

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு

24 அங்குலத் திரைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மொத்த அகலம் 1062 மி.மீ. மீடியத்தை இரண்டுக்கும் சேர்த்துக் கட்டினால் விகிதம் 4.9 ஆகிவிடும். இதைப் பார்த்துப் பயந்துதான் பலர் லார்ஜுக்குப் போகிறார்கள். தேவையில்லை. டேப்லெட்டை எடிட்டிங் நடக்கும் மானிட்டருக்கு மட்டும் கட்டுங்கள். மற்றதற்குப் போக வேண்டுமென்றால் பேனா பொத்தானிலோ டேப்லெட் பொத்தானிலோ திரை மாற்றும் கட்டளையை வைத்துக்கொள்ளலாம், அல்லது மவுஸைத் தொட்டால் ஆயிற்று. அளவைக் கணக்கிடும்போது ஒரே மானிட்டரின் அகலத்தை வைத்து வகுத்தால் போதும்.

தூக்கிச் செல்கிறவர்கள்

மண்டபத்தில் காலையில் தாலி கட்டுவதைப் படம் பிடித்து, மாலை விருந்தில் திரையில் காட்டுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அந்த வேலைக்குப் போகிறவர்கள் கேமரா பையில் லேப்டாப்போடு டேப்லெட்டையும் திணிக்க வேண்டும். இன்டுவோஸ் ஸ்மால் 230 கிராம், மீடியம் 410 கிராம். எடையைவிட இடம்தான் பிரச்சினை: மண்டபத்தில் கிடைப்பது சமையற்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மேசையின் கால்பங்கு. அங்கே ஸ்மால்தான் விரியும். வீட்டில் பெரிய மானிட்டரும் வெளியே லேப்டாப்பும் என்று இரண்டும் உண்டென்றால், வருமானம் எதில் அதிகமோ அதற்கு ஏற்ற அளவை வாங்குங்கள்.

அளவோடு போட்டி போடக்கூடாத விஷயங்கள்

பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் 8192 அழுத்த நிலை என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒன் பை வாகோமில் 2048, இன்டுவோஸில் 4096, இன்டுவோஸ் புரோவில் 8192. போட்டோ வேலையில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவரை நான் பார்த்ததில்லை. பேனாவின் சாய்வை அறியும் வசதியும் அப்படித்தான், தூரிகை ஓவியத்துக்கு உதவும், ஹீலிங் பிரஷ்ஷுக்கு உதவாது. பேட்டரி இல்லாத பேனாவா என்று மட்டும் பாருங்கள். இப்போது வரும் பெரும்பாலானவை அப்படித்தான்.

படத்தின் மேலேயே வரையக்கூடிய திரை டேப்லெட்டுகளும் உண்டு. அழகான கருவிதான். ஆனால் போட்டோவுக்கு என்று கேட்டால் நான் தயங்குவேன். கை படத்தை மறைக்கிறது, குனிந்தே உட்கார வேண்டியிருக்கிறது, அதன் நிறமும் மானிட்டரின் நிறமும் ஒத்துப்போவதற்கு இரண்டையும் அளவீடு செய்து வைக்க வேண்டும். அந்தப் பணத்தில் நல்ல மானிட்டர் ஒன்றும் மீடியம் டேப்லெட் ஒன்றும் வாங்குவது மேல்.

வாங்கும்போது

வெளிநாட்டிலிருந்து வரும், 500 ரிங்கிட்டும் அதற்குக் குறைவாகவும் விலையுள்ள ஆன்லைன் பொருள்களுக்கு மலேசியாவில் 2024 ஜனவரி 1 முதல் 10 சதவீத விற்பனை வரி உண்டு. உள்ளூர்க் கையிருப்பிலிருந்து அனுப்புகிறவரின் விலையையும் வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவரின் விலையையும் ஒப்பிடும்போது, கடைசியாகக் கட்டும் தொகையைப் பாருங்கள். உத்தரவாதம் இந்த நாட்டில் செல்லுமா, மாற்றுப் பேனாவும் முனைகளும் தனியாகக் கிடைக்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். பேனா தொலைந்து, அதே மாடலுக்கு மாற்று கிடைக்காமல் போனால் நல்ல டேப்லெட்டும் வெறும் பலகைதான்.

இரண்டாம் கையாக வாங்கினால் நேரில் போய்ப் பாருங்கள். ஒரு வெற்றுப் படத்தில் நான்கு மூலைகளையும் தொட்டு, குறுக்கே மெதுவாகக் கோடு போட்டுப் பார்த்தால் செத்த இடம் இருந்தால் தெரிந்துவிடும். யூ.எஸ்.பி. நுழையும் வாய் ஆடுகிறதா என்பதையும் பார்க்க மறக்க வேண்டாம்.

வந்த பிறகு: அளவு சரியாக வேலை செய்ய வைக்கும் செட்டிங்குகள்

சரியான அளவை வாங்கியும் டிரைவரைச் சரிசெய்யாததால் “இது எனக்குச் சரிப்படாது” என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அதனால் இதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில் டிரைவரை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். வேறு நிறுவனத்தின் டேப்லெட் டிரைவர் ஏற்கெனவே இருந்தால் அதை நீக்கிவிட்டு, கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு, பிறகு புதியதைப் போடுங்கள். ஆப்பிள் கணினியில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் டிரைவருக்கு அனுமதி தந்தால்தான் பேனா முழுமையாக வேலை செய்யும்.

அடுத்தது வடிவ விகிதம். 152 x 95, 216 x 135 ஆகிய பரப்புகள் இரண்டும் 16:10. உங்கள் மானிட்டர் பெரும்பாலும் 16:9. அப்படியே விட்டால், நீங்கள் டேப்லெட்டில் போடும் வட்டம் திரையில் மேலிருந்து கீழாகச் சுமார் பத்து சதவீதம் நசுங்கி வரும். ஏதோ சரியில்லை என்று கைக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. டிரைவரில் ‘ஃபோர்ஸ் ப்ரொபோர்ஷன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஸ்மால் 152 x 85.5 ஆகவும் மீடியம் 216 x 121.5 ஆகவும் சுருங்கும், வட்டம் வட்டமாகவே வரும். ஓரத்தில் ஒரு கீற்று வீணாகும், பரவாயில்லை. 16:10 திரை உள்ள லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

விண்டோஸ் கணினியில் அழுத்தம் வேலை செய்யவில்லை என்றால், டிரைவரில் விண்டோஸின் பேனா வசதியான ‘விண்டோஸ் இங்க்’ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். போட்டோஷாப் அதை எதிர்பார்க்கிறது. பேனாவை அழுத்திப் பிடித்தால் ஒரு வட்டம் சுழன்று வலது கிளிக் மெனு வந்து தொல்லை கொடுத்தால், விண்டோஸின் பேனா செட்டிங்கில் அழுத்திப் பிடிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

போட்டோஷாப்பில் பிரஷ்ஷை எடுத்ததும் மேல்பட்டையில் அழுத்தத்துக்கான இரண்டு சின்னங்கள் தெரியும். ஒன்று ஒப்பாசிட்டிக்கு (வண்ணம் எவ்வளவு மறைக்கிறது என்பதற்கு), மற்றது பிரஷ்ஷின் அளவுக்கு. முகவேலைக்கு ஒப்பாசிட்டியை மட்டும் அழுத்தத்துக்கு விடுங்கள், அளவை விசையால் மாற்றிக்கொள்ளுங்கள். மாஸ்க்கில் முடியோரமும் மல்லிகைச் சரத்தின் ஓரமும் வரும்போது அளவையும் அழுத்தத்துக்கு விட்டால் கோட்டின் நுனி தானாக மெலியும்.

மவுஸ் முறை என்று ஒரு தேர்வு இருக்கும். பழக்கம் இல்லாத முதல் நாள்களில் அதற்கு மாறிக்கொள்ளத் தோன்றும். மாறினால் பேனா வெறும் மவுஸாகிவிடும், நீங்கள் அளந்து வாங்கிய பரப்புக்கே அர்த்தம் இருக்காது. அவசரமில்லாத ஒரு வாரத்தில், தைப்பூசம் முடிந்து ஆர்டர் குறைந்த சமயத்தில், மெனுவைத் திறப்பது உட்பட எல்லாவற்றுக்கும் பேனாவையே பயன்படுத்திப் பழகுங்கள்.

நம் ஊர் வெயிலில் மதியத்துக்கு மேல் உள்ளங்கை பரப்போடு ஒட்டிக்கொள்ளும். நீளமான மாஸ்க் கோட்டின் நடுவில் கை ஒட்டி நின்றால் அவ்வளவுதான். சுண்டு விரலையும் மோதிர விரலையும் மட்டும் மூடும் கையுறை விலை மலிவாகக் கிடைக்கிறது, பெரிய டேப்லெட்டில் அது இன்னும் அதிகமாகத் தேவைப்படும். பரப்பை ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும், ஸ்பிரே வேண்டாம். தூசி படிந்த பரப்பில் முனை சீக்கிரம் தேயும். ஒரு பக்கமாகத் தேய்ந்து கத்தி மாதிரி ஓரம் விழுந்த முனையை அன்றே மாற்றிவிடுங்கள். அது பரப்பைக் கீறிவிட்டால், அந்தக் கீறலைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் பேனா இடறும்.